அக்காவுக்கு நான் கொடுத்த மாத்திரை

கதவைத் திறந்தபோது அம்மாவின் கட்டிலில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

அம்மா இறந்து நான்கு வருடம் ஆகிறது. அந்த அறை ஜன்னலுக்கு இன்னும் கறுப்புத் திரை, அதற்கு மேல் ஒரு பழைய கம்பளி. பட்டப்பகலிலும் உள்ளே எது கட்டில், எது ஆள் என்று பிரித்துப் பார்க்க முடியாது. அந்த உருவம் முன்னால் குனிந்து, இரண்டு கைகளையும் முட்டியில் ஊன்றி, தோளை ஏற்றி ஏற்றி இறக்கியது. ஒவ்வொரு இறக்கத்திலும் விசில் மாதிரி மெல்லிய சத்தம். தரையில் சொம்பு கவிழ்ந்து, தண்ணீர் என் கால்வரை வந்திருந்தது.

நான் கத்தவில்லை. எங்கள் வீட்டில் யாரும் கத்த மாட்டோம். கதவைத் திரும்பச் சாத்தத்தான் போனேன். சத்தியமாக. கை பிடியில் இருந்தது.

அப்போது அந்த உருவம், "பூ..." என்றது.

என்னைப் பூனை என்று கூப்பிடுவது ஒரே ஒரு ஆள்தான். அக்கா.

விளக்கைப் போட்டேன். அக்காவின் உதடு கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. கழுத்துக் குழி உள்ளே போய்ப் போய் வந்தது. மடியில் அவளுடைய இன்ஹேலர். சின்ன வயதில் மூச்சு இரைப்பு வந்ததிலிருந்து கைப்பையின் அடியில் பழக்கத்துக்காக ஒன்று வைத்திருப்பாள், வருடத்துக்கு ஒன்று மாற்றுவாள், அடித்து நான் பார்த்ததே இல்லை.

"எத்தனை தடவை அடிச்சக்கா?"

விரல்களைக் காட்டினாள். ஒரு கை முழுக்க. மறுபடி ஒரு கை முழுக்க.

"கேட்கலையா?"

தலையை ஆட்டினாள். கேட்கவில்லை.

அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது, அது ஏன் கேட்கவில்லை என்று. ஆனால் வாயிலிருந்து வந்தது, "இரு, அப்பாவைக் கூப்பிடறேன்" மட்டும்தான்.

இதை முதலில் சொல்லிவிடுகிறேன். அக்காவுக்கு அந்த மாத்திரையைக் கொடுத்தது நான்.

எங்கள் வீட்டைப் பற்றித் தெரியாமல் மற்றதெல்லாம் புரியாது. அம்மாவுக்கு ஒற்றைத் தலைவலி. மாதத்தில் பாதி நாள் அந்த இருட்டறையில்தான் கிடப்பாள். வெளிச்சம் ஆகாது, வாசனை ஆகாது, எல்லாவற்றையும்விட சத்தம் ஆகாது. அப்பா லிஃப்ட் மெக்கானிக். வேலை செய்யும் இடங்களில் மிச்சமாகும் ரப்பரையெல்லாம் கொண்டுவந்து கதவு, அலமாரி, நாற்காலிக் கால் எல்லாவற்றுக்கும் ஒட்டினார். காலிங்பெல்லின் ஒயரை வெட்டிவிட்டார். பாத்திரங்களுக்கு அடியில் எப்போதும் துண்டு விரித்திருக்கும். நானும் அக்காவும் சண்டை போட்டதுகூடக் கிசுகிசு குரலில்தான். பிறக்கும்போதே பெருங்குரல் அக்காவுக்கு. மைக் செட் என்று அப்பா பேர் வைத்தார். அந்த மைக் செட்டே எட்டு வயதில் காற்று மட்டும் வருகிற மாதிரிப் பேசக் கற்றுக்கொண்டது.

அதையும் மீறிச் சத்தம் வந்துவிட்டால் அம்மா கட்டில் பலகையை விரல் முட்டியால் தட்டுவாள். டொக், டொக். இரண்டு தட்டு. வீடு அப்படியே உறைந்துவிடும்.

அம்மா கோபக்காரி இல்லை. அதுதான் கஷ்டம். அந்தத் தட்டில் ஒரு கெஞ்சல் இருக்கும். தலைவலிக்காக வருடக்கணக்கில் கைக்குக் கிடைத்த வலி மாத்திரைகளைப் போட்டுப் போட்டு, கடைசியில் வயிற்றில் ரத்தம் கசிந்து செத்துப்போனாள். அதுவும் சத்தமில்லாமல்தான்.

அவள் போன பிறகும் தட்டு நிற்கவில்லை.

எனக்கு மட்டும் கேட்கும். எப்போதாவது, வீட்டில் தனியாக இருக்கும்போது. டொக், டொக். ஒரு தடவை அக்காவிடம் சொன்னேன்.

"மரம்டி. கட்டிலுக்கு வயசாச்சு, சோம்பல் முறிக்குது" என்றாள்.

"ரெண்டு ரெண்டாவா முறிக்கும்?"

"ரெண்டு தோள் இருக்குல்ல?"

சிரித்துவிட்டேன். ஆனால் அதற்கப்புறம் அந்தச் சத்தம் கேட்டால் இருந்த இடத்திலேயே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். போய்ப் பார்க்க மாட்டேன். பார்க்காத வரைக்கும் அது மரம்.

போன வருடம் எனக்கும் ஆரம்பித்தது. முதலில் கண்ணின் ஓரத்தில் ரம்பப் பல் மாதிரி ஒரு வெளிச்சக் கோடு. அது மெதுவாக வளைந்து பெரிதாகும். அதற்குள் இருப்பதெல்லாம் காணாமல் போகும். எதிரில் ஆள் நின்றால் அரை முகம் மட்டும் இருக்கும். இருபது நிமிடத்தில் கோடு போய்விடும், வலி வரும். வாராவாரம் வந்தும் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். ஒரு நாள் வாந்தி எடுத்துவிட்டு நான் நேராகப் போய்ப் படுத்தது எங்கே தெரியுமா? அம்மாவின் கட்டிலில். வீட்டில் இருட்டாக இருப்பது அந்த இடம் ஒன்றுதான். வேலையிலிருந்து வந்த அப்பா கதவைத் திறந்து என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. மறுநாளே தலைவலி டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனார்.

டாக்டரம்மா மேஜை மேல் இரண்டு காகிதங்களை வைத்தார்.

"ரெண்டு விஷயம் தனித்தனி. நல்லாப் பிரிச்சு வெச்சுக்கோ. இது வலி வந்தா போடுறது. வர்ற மாதிரி இருந்தா உடனே போட்டுடணும், தாங்கிக்கிட்டு உட்காரக் கூடாது. ஆனா வாரத்துக்கு ரெண்டு நாளுக்கு மேல போகக் கூடாது. அதுக்கு மேல போனா மாத்திரையே தலைவலியைக் கூட்டிட்டு வரும்."

அப்பா தன் ஷூவைப் பார்த்துக்கொண்டார். அம்மா போட்டது வாரத்துக்கு ஏழு நாள்.

"இது வராம தடுக்கறது. தினமும் போடணும், வலி இருந்தாலும் இல்லாட்டியும். பலன் தெரிய சில வாரம் ஆகும். இதுல மூணு கட்சி நிக்குது, நீதான் ஓட்டுப் போடணும்."

முதல் கட்சி ராத்திரி போடுவது. தூக்கம் அசத்தும், எடை கூடும். இரண்டாவது போட்டால் விரல் நுனி மரத்துப்போகும், பேசும்போது வார்த்தை நாக்கு நுனியில் நின்றுவிடும். மூன்றாவது இதயத்துடிப்பைக் கொஞ்சம் மெதுவாக்கும். மாடி ஏறினால் சோர்வாக இருக்கும், கனவு கூடுதலாக வரும்.

பரீட்சை வருடம். தூக்கமும் ஆகாது, வார்த்தை போவதும் ஆகாது. மூன்றாவதுக்கு ஓட்டுப் போட்டேன். இளஞ்சிவப்பு மாத்திரை, காலை ஒன்று, மாலை ஒன்று. இரண்டு மாதத்தில், வாரம் ஒரு தடவைக்கு மேல் வந்துகொண்டிருந்தது மாதம் ஒன்றாகக் குறைந்தது. கனவு வந்தது உண்மைதான். கனவில் அம்மா தட்டினாள். விழித்த பிறகும் சில நாள் கேட்டது. மாத்திரை வேலை என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைக்க ஒரு காரணம் கிடைத்ததே நிம்மதி.

அப்புறம் அக்கா. அவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. நாள் முழுக்கக் குழல் விளக்கின் கீழ் லென்ஸ் பொருத்துவாள், வருகிறவர்களுக்கு எழுத்துப் பலகை காட்டிப் படிக்கச் சொல்வாள். ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"இன்னைக்கு ஒருத்தர் கடைசி வரி வரைக்கும் கடகடன்னு படிச்சுட்டார். எனக்குத்தான் பலகையில பாதி எழுத்தைக் காணோம். தப்பா படிக்கிறாரா சரியா படிக்கிறாரான்னே தெரியாம, 'ரொம்ப நல்ல கண்ணு சார்'னு அனுப்பிட்டேன்."

நான் சிரிக்கவில்லை. "அக்கா, உனக்கும் அதுதான்."

"எனக்கு அதெல்லாம் இல்ல. இது வெறும் தலைவலி."

"டாக்டரம்மாகிட்ட வா."

"அப்பாகிட்ட மூச்சு விட்டே, கொன்னுடுவேன். கதவுக்கெல்லாம் புது ரப்பர் வாங்கிட்டு வந்துடுவார். அப்புறம் அந்த ரூம்ல என்னைக் கொண்டுபோய் வெச்சுடுவீங்க."

அந்த ரூம் என்று சொல்லும்போது அவள் குரல் அரை விநாடி நின்றது. அதற்கு மறுநாள் காலையிலிருந்து என் இளஞ்சிவப்பு மாத்திரையில் அவளும் பங்கு. ஒன்பது நாள்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் நான் கூடத்தில் தரையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். படித்தேன் என்பதைவிடத் தூங்கி விழுந்தேன் என்பது சரி. வீட்டில் யாரும் இல்லை என்று நினைத்திருந்தேன். அக்கா சளியோடும் தலைவலியோடும் பாதி நாளில் கடையிலிருந்து வந்துவிட்டது எனக்குத் தெரியாது. பூட்டு சத்தம் போடவில்லை, கதவு சத்தம் போடவில்லை, அவள் கால் சத்தம் போடவில்லை. அப்படித்தானே நாங்கள் வளர்ந்தோம். நேராக இருட்டறைக்குப் போய்ப் படுத்திருக்கிறாள். வலி தாங்காமல், தினமும் போடுகிற மாத்திரையை வலி வந்தபோது போடுவதாக நினைத்து இன்னும் இரண்டு போட்டிருக்கிறாள்.

டொக், டொக்.

தலையை நிமிர்த்தினேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி, டொக், டொக்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? புரட்டிக்கொண்டிருந்த பக்கத்தை விரலால் அமுக்கிப் பிடித்தேன், அது சத்தம் போடாதபடி. சுவரோடு ஒட்டிக்கொண்டேன். மறுபடி தட்டியது. மறுபடி. இந்தத் தடவை நிற்கவே இல்லை. எண்ணினேன். பன்னிரண்டு ஜோடி. 'சரிம்மா, சத்தம் போடல, சத்தம் போடல' என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் என் அக்கா மூச்சு இல்லாமல், குரல் வராமல், என்னைக் கூப்பிடக் கட்டிலைத் தட்டிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் நான் அம்மாவுக்காக இன்னும் அமைதியாக இருந்தேன்.

சொம்பு விழுந்தது. எங்கள் வீட்டில் பாத்திரம் விழுந்து நான் கேட்டதே இல்லை. அம்மா ஒரு நாளும் பாத்திரத்தைத் தள்ளிவிட மாட்டாள். அந்த ஒரு நினைப்புதான் என்னை எழுப்பியது.

ஆஸ்பத்திரியில் அக்காவின் முகத்தில் மூடி மாட்டி, புகை மாதிரி மருந்து விட்டார்கள். நானும் அப்பாவும் திரைக்கு இந்தப் பக்கம். அப்பா வேலை உடையிலேயே ஓடி வந்திருந்தார். கையெல்லாம் கிரீஸ். இளவயது டியூட்டி டாக்டர் ஒருவர் திரையை விலக்கி வந்தார்.

"ரெண்டு தடவை குடுத்தாச்சு. இந்நேரம் மூச்சுக்குழாய் திறந்திருக்கணும். வேற ஏதாவது மருந்து எடுக்கறாங்களா?"

"ஒண்ணும் கிடையாது சார்" என்றார் அப்பா. "தலைவலிக்குக்கூட மாத்திரை போட மாட்டா அவ. அவங்கம்மா போனதிலிருந்து மாத்திரைன்னாலே பயம்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அவர் சட்டைப் பையில் இருந்த பேனாவைப் பார்த்தேன். அவர் உள்ளே போய்விட்டார்.

திரை இடுக்கில் அக்காவின் கண் தெரிந்தது. மூடிக்கு மேலே, என்னையே பார்த்துக்கொண்டு. அவளால் பேச முடியாது. என்னால் முடியும். எதிர்ச் சுவரில் கடிகாரம். டாக்டர் மூன்று இருபதுக்குக் கேட்டார். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்தது. ஆனால் சொன்னால் அப்பா திரும்பிப் பார்ப்பார். அந்த முகத்தை நான் பார்க்க வேண்டும். மூன்று முப்பத்துநான்கு ஆகியிருந்தது, நான் எழுந்து திரைக்குள் போனபோது.

"சார், நான்..."

"என்னம்மா? சத்தமாச் சொல்லு, மெஷின் சத்தத்துல கேட்கல."

"என் மாத்திரை..."

"சத்தமாம்மா!"

"நான் குடுத்தேன்!" அது யாருடைய குரல் என்றே எனக்குத் தெரியவில்லை. அந்த வார்டு முழுக்கத் திரும்பியது. "என் தலைவலி மாத்திரை. தினமும் போடுறது. ப்ரோப்ரனோலால். ஒன்பது நாளா குடுத்தேன்!"

"இன்னைக்கு எத்தனை?"

அக்கா மூன்று விரலைத் தூக்கினாள்.

"அதான் கேட்கல" என்றார் டாக்டர், என்னிடம் இல்லை, நர்ஸிடம். அடுத்து என்னென்னவோ மருந்துப் பேர் சொன்னார். நாலு பேர் ஓடி வந்தார்கள். கட்டிலோடு அக்காவைத் தள்ளிக்கொண்டு ஒரு கண்ணாடிக் கதவுக்குள் போனார்கள். கதவு எங்கள் வீட்டுக் கதவு மாதிரியே சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

அப்பா என்னைத் திட்டவில்லை. வெகுநேரம் கழித்துத் தோளில் கிரீஸ் கையை வைத்தார். வெளியே வந்த நர்ஸிடம் அவரேதான் சொன்னார். "தெரியாமக் குடுத்துட்டா சிஸ்டர். சின்னப் பொண்ணு."

"தெரியாமத்தானே" என்றார் நர்ஸும். "நல்லவேளை, சொன்னாளே."

இரண்டு நாள் கழித்து அக்கா கண் திறந்து உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் பேசினாள். இன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிட்டாள். யாரைப் பார்த்தாலும் அந்த ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள். தெரியாம. பக்கத்து வீட்டு அத்தை சொன்னார், கண்ணாடிக் கடை முதலாளி போனில் சொன்னார், அப்பா தினமும் சொல்கிறார். நான் ஒரு தடவைகூட ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

ஏனென்றால் டாக்டரம்மா என்னிடம் சொல்லியிருந்தார்.

அன்று மூன்று கட்சியும் பேசி முடித்த நேரத்தில் அப்பாவுக்குப் போன் வந்தது. ஏதோ கட்டடத்தில் இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது, உள்ளே மூன்று பேர். அப்பா பேசிக்கொண்டே வெளியே போனார். எனக்கோ அந்த நேரம் பார்த்து ரம்பக்கோடு ஆரம்பித்திருந்தது. டாக்டரம்மாவின் நெற்றியும் கண்ணும் இருந்தன, வாய் இல்லை. இல்லாத வாயிலிருந்து குரல் வந்தது.

"உனக்கு மூச்சு இரைப்பு உண்டா?"

"இல்ல."

"வீட்ல?"

"அக்காவுக்கு. சின்ன வயசுல."

"அப்ப இது அவங்க கைக்குப் போகவே கூடாது. மூச்சுக்குழாயை இறுக்கிடும், இன்ஹேலர் அடிச்சாலும் கேட்காது. உனக்கு நல்ல மருந்து, அவங்களுக்கு விஷம். புரியுதா?"

தலையாட்டினேன். அவர் ஃபைலில் ஏதோ எழுதிக்கொண்டார். வலி வந்துகொண்டிருந்தது. வாந்தி வராமல் வெளியே போக வேண்டும் என்பதுதான் என் கவலை. இன்றைக்கு அந்த வார்த்தைகளை ஒன்றுவிடாமல் சொல்ல முடிகிறது என்னால். அக்காவின் கட்டில் பக்கம் நின்ற அந்த நொடியிலிருந்து முடிகிறது. அதற்கு முன்னால் முடிந்ததா?

நாளைக் காலை பத்து மணிக்கு இரண்டு பேருக்கும் அதே டாக்டரம்மாவிடம் நேரம் வாங்கியிருக்கிறார் அப்பா. அக்காவுக்கு ஒத்துக்கொள்கிற மாத்திரை எது என்று பார்க்க. இந்தத் தடவை அப்பா போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறாராம். டாக்டரம்மா ஃபைலைத் திறப்பார். அதில் எழுதியிருக்கும். 'நான்தான் சொன்னேனே' என்பார். அப்பா என் பக்கம் திரும்புவார்.

கொஞ்ச நேரத்துக்கு முன்னால், விளக்கை அணைத்த பிறகு, பக்கத்துப் பாயிலிருந்து அக்கா கூப்பிட்டாள். குரல் இன்னும் கரகரப்பாகத்தான் இருக்கிறது.

"ஏய் பூனை. தூங்கிட்டியா?"

"இல்ல."

"முதல் நாள் மாத்திரை குடுத்தியே, சமையல்கட்டுல. அட்டையைக் கையில வெச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டிருந்த. நான்கூட, 'என்னடி, சொத்தா எழுதித் தரப்போற'ன்னு கேட்டேன். அப்புறம்தான் பிரிச்சுக் குடுத்த."

"ம்."

"சும்மாதான் கேட்கறேன். அப்ப என்ன யோசிச்சுட்டு நின்ன?"

தூக்கம் வருகிற மாதிரி மூச்சை இழுத்து விட்டேன். அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு புரண்டு படுத்துவிட்டாள். இப்போது தூங்குகிறாள். அவள் மூச்சு ஒழுங்காகத்தான் வருகிறது. ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டே இதைச் சொல்கிறேன்.

நின்றது உண்மை. குழாய் சொட்டியது. அக்கா ஒரு கையால் நெற்றியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையை நீட்டியிருந்தாள். அம்மா பிடித்துக்கொள்கிற மாதிரியே, கட்டைவிரல் புருவத்தின் கீழே. அவள் அந்த அறைக்குப் போய்விடக் கூடாது, எப்படியாவது போகாமல் தடுத்துவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு அவசரம். அதுவும் உண்மை. ஆனால் அவசரம் இருக்கிறவள் எதற்காக நிற்க வேண்டும்? டாக்டரம்மாவின் குரல் அப்போதே எனக்குக் கேட்டதா? இல்லை, ஆஸ்பத்திரிக்குப் பிறகு நானே அதைக் கொண்டுபோய் அந்த ஒரு நிமிடத்துக்குள் வைத்துவிட்டேனா? கேட்டிருந்தால், கேட்டபிறகும் அந்த அட்டையைப் பிரித்தது யாருக்காக? அக்காவுக்காகவா, அந்த அறையில் மறுபடி ஒருத்தி படுத்துவிடுவாளோ என்று பயந்த எனக்காகவா?